தனிப் படகு

“நார்வே” என்ற பெயருக்கு “வடதிசை வழி” என்று பொருள் சொல்லுவார்கள். தேசங்களுக்கு மலையின் பெயரும், நதியின் பெயரும், குலத்தின் பெயரும் வாய்ப்பதுண்டு. ஒரு பாதையே தேசத்துக்குப் பெயராக அமைவது அபூர்வம். அதுவும் தரைப் பாதையன்று, கடற்பாதை.

ஐரோப்பாப் படத்தில் அந்நாட்டின் மேற்குக் கரையைப் பாருங்கள். குழந்தை கத்தரிக்கோலால் வெட்டிய காகிதம் போலத் தோன்றும். கடற்கழிகளையும் தீவுகளையும் சேர்த்து அளந்தால் அக்கரையின் நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். பூமத்திய ரேகையை இரண்டு முறை சுற்றினாலும் மிஞ்சும். கரைக்கு வெளியே எண்ணற்ற பாறைத் தீவுகள் மதில் போல் நின்று சமுத்திரத்தின் அலைகளைத் தாங்கிக்கொள்கின்றன. பெரும்பாலும் அம்மதிலுக்கு உட்புறமாகவே “வழி” செல்கிறது.

அவ்வழியில் வசந்த காலத்தில், சிறு பாய்ப்படகில், துணை ஒருவருமின்றி யாத்திரை செய்வோர் உண்டு. அத்தகைய ஒருவர் மே மாதத் தொடக்கத்தில் பெர்கன் நகரிலிருந்து புறப்பட்டு, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயுள்ள பூடோ துறைமுகத்தை நோக்கிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையுச்சிகளில் பனி இன்னும் கரையவில்லை. அடிவாரத்திலோ மரங்கள் தளிர்விடுகின்றன. பகல் நாளுக்கு நாள் நீள்கிறது; வடக்கே போகப் போக இரவு என்பது பெயரளவில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த அழகில் மயங்கி நிற்க அவருக்கு அவகாசம் ஏது? சுக்கான் பிடிப்பவரும் அவரே, பாயைச் சுருக்குபவரும் அவரே, சமையற்காரரும் அவரே. வசந்தத்திலும் கடல் நீர் விறைக்கச் செய்யும் குளிர். தவறி விழுந்தால் படகு தன்பாட்டில் போய்விடும். கைகொடுக்க ஆள் இல்லை. ஆகையால் உடம்பை வாரினால் படகோடு பிணைத்துக்கொண்டே நடமாடுகிறார்.

பெர்கனுக்கு வடக்கே “ஸ்டாட்” என்ற முனை இருக்கிறது. அங்கே பாறை மதில் அறுந்துவிடுகிறது. திறந்த சமுத்திரம் நேரே வந்து மோதுகிறது. மோதித் திரும்பும் அலைகளும் எதிரே வரும் அலைகளும் கலந்து, காற்று ஓய்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் கடல் கொந்தளிப்பதுண்டு. பழைய வைக்கிங் மாலுமிகளே இம்முனையைச் சுற்ற அஞ்சித் தங்கள் மரக்கலங்களை நிலத்தின்மேல் இழுத்துச் சென்றார்கள் என்பர்.

நம் யாத்திரிகர் இங்கே என்ன செய்கிறார்? முனைக்குத் தெற்கே ஒரு துறையில் படகைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார். தைரியம் என்றால் புயலுக்குள் புகுவதுதான் என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். “இன்று வேண்டாம்” என்று சொல்வதற்கும் தைரியம் வேண்டும். கூட ஆள் இருந்தால் அவர் தடுப்பார். தனியே செல்பவர் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும், இவர் மெய்யாகவே தனியாகத்தான் செல்கிறாரா? நாட்டின் தென்கோடியில் லிண்டெஸ்னெஸ் முனையில் 1656-ஆம் வருஷத்தில் முதல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. அதன்பின் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் ஆளற்ற பாறைகளில் வாழ்ந்து விளக்குகளைக் காத்தன. 2006-க்குள் காவலர் தேவையின்றி விளக்குகள் தாமே எரியும்படி ஆகிவிட்டன. எனினும் அக்காவலர்கள் காட்டிய வழியில்தான் இவர் படகு செல்கிறது.

கடலில் தவிப்போரைக் காக்க 1891-இல் ஒரு சங்கம் தோன்றியது. காலின் ஆர்ச்சர் என்ற படகுச் சிற்பி, கடும் புயலையும் தாங்கும் மீட்புப் படகு ஒன்றை வகுத்தார். 1893-இல் நீரில் இறங்கிய அது அவர் பெயரையே பெற்றது. மறு வருஷம் மே மாதப் புயலில், வடகோடியில் ஹாம்னிங்பெர்க் என்னும் மீனவர் ஊரில், 36 உயிர்களை அது காப்பாற்றியது. இயந்திரம் கிடையாது, பாய்களும் மனிதர் கைகளுமே.

அம்மரபில் வந்த அமைப்பைக் கொண்டுதான் நம் பம்பாயில் 1960-களில் தேக்கு மரத்தால் “சுஹைலி” கட்டப்பட்டது. அதில் ஏறித்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-இல் 312 நாட்களில், எத்துறையிலும் தங்காமல், தனியே உலகைச் சுற்றி வந்த முதல் மனிதரானார். அந்தத் தனிமைக்குப் பின்னேயும் நம் தச்சர்களின் உளி இருந்தது.

1814-ஆம் வருஷம் மே 17-ஆம் தேதி நார்வே தன் அரசியல் சட்டத்தை வகுத்தது. 1905-இல் ஸ்வீடனுடன் இருந்த இணைப்பைத் துண்டித்துக்கொண்டது. ஒவ்வொரு மே 17 அன்றும் ஊர்தோறும் பள்ளிக் குழந்தைகள் கொடியேந்தி ஊர்வலம் போகிறார்கள். அன்று ஏதேனும் ஒரு சிற்றூர்த் துறையில் நம் யாத்திரிகர் ஒதுங்கினால் அக்காட்சியைக் காண்பார். சுதந்திர தேசமும் அவர் படகைப் போன்றதே. சுக்கானைப் பிறர் கையில் கொடுக்கக் கூடாது. ஆனால் விளக்கேற்றி வைத்த பல கைகளை மறக்கவும் கூடாது. ஒரு நாட்டின் பெருமையை அதன் பெரிய கப்பல்களைக் கொண்டு அளக்க வேண்டாம். அதன் மிகச் சிறிய படகு இரவில் எத்தனை விளக்குகளைக் காண்கிறது என்று பார்த்தால் போதும்.