முதல் பட்டம் ஏறும் கரை

ஆடி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அந்தக் காற்றை நம்பியே ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. இந்தக் காற்றிலேயே வளர்ந்த நம் இளைஞருள் சிலர், ‘கைட்போர்டிங்’ என்னும் கடல் விளையாட்டைக் கற்க விரும்புகின்றனர். பெரியதொரு பட்டத்தைக் கயிறுகளால் இடுப்புப் பட்டையோடு இணைத்து, காலில் பலகையுடன் நீர்மேல் விரைந்து செல்லும் விளையாட்டு இது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. நம் மாநிலத்தில் இராமேஸ்வரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் இதற்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

பிள்ளை இவ்வாறு கேட்டதும் சில பெற்றோர் அடியோடு மறுத்துவிடுகின்றனர். வேறு சிலர், பணத்தைக் கட்டிவிட்டால் மற்றதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகின்றனர். இரண்டுமே சரியல்ல என்பது எங்கள் கருத்து. உடலுக்கும் மனத்துக்கும் உரமூட்டும் விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், கற்றுக்கொள்பவருக்கு நேரக்கூடிய ஆபத்தின் பெரும்பகுதி, அவர் எந்த இடத்தில் பட்டத்தை ஏற்றுகிறார் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தைக் குடும்பத்தினர் தம் கண்ணாலேயே சோதித்தறிய முடியும்.

காரணம் எளிது. காற்றின் வேகம் இரு மடங்கானால் பட்டத்தின் இழுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அடங்கி நின்ற பட்டம், 30 கி.மீ. வேகத்தில் வீசும் ஒரே வீச்சில் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். கயிற்றின் நீளம் பொதுவாக 20 முதல் 25 மீட்டர். எறியப்பட்டவர் ஆழமற்ற நீரில் விழுந்தால் பெரும்பாலும் எழுந்து நின்றுகொள்வார். பாறையிலோ, சுவரிலோ, கரையேற்றிய படகிலோ மோதினால் தலைக்காயமும் முதுகெலும்பு முறிவும் நேரலாம். ஆகவே, காற்று போகும் திசையில் என்ன இருக்கிறது என்பதே முதற்கேள்வி. அத்திசையில் குறைந்தது கயிற்றின் நீளத்தைப்போல் இரு மடங்குத் தொலைவாவது ஆளும் பொருளும் இன்றி வெறுமையாக இருத்தல் வேண்டும். அதற்கு மேலும் இருந்தால் நன்று. மின்கம்பி செல்லும் இடம் எக்காரணத்தாலும் ஆகாது.

அப்படியானால், அருகிலுள்ள வைகை அணையிலேயே பழகலாமே என்று கேட்கத் தோன்றும். நாங்கள் அதை ஏற்கவில்லை. மேற்கிலிருந்து வரும் காற்று மலைத்தொடரைக் கடந்து இறங்கும்போது சீராக வீசுவதில்லை. சுழன்றும், ஒரு கணம் ஓய்ந்து மறுகணம் சீறியும் வரும். கற்றுக்கொள்பவருக்கு வேகமான காற்றைவிடச் சீரற்ற காற்றே கொடியது. மேலும், அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. வரத்துக்கும் திறப்புக்கும் ஏற்ப நீர்மட்டம் மாறுவதால் நேற்றைய கரை இன்றைக்கு இராது. நீருக்கடியில் சேறும் கல்லும் எங்குள்ளன என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

இராமேஸ்வரத்தின் சிறப்பு இங்கேதான் விளங்கும். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரையில் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். பட்டம் விழுந்தாலும் கற்பவர் கரைக்கே ஒதுக்கப்படுவார். அதே நாளில் வடக்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அங்கு விழுந்தவர் நிமிடத்துக்கு நிமிடம் கரையைவிட்டு விலகிச் செல்வார். வடகிழக்குக் காற்றின் பருவத்தில் இந்நிலை தலைகீழாகும். ஆகவே, சென்ற மார்கழியில் நண்பர் பழகிய இடம் இந்த ஆடிக்குப் பொருந்தும் என்று கருதுவது தவறு. கரையை நோக்கிச் சாய்வாக வரும் காற்றே கற்பவருக்கு உகந்தது. நேராகக் கரையில் மோதும் காற்று அவரை மணல்மேட்டுக்கு இழுத்துவிடும். அரிச்சல்முனை போன்று இரு கடல்கள் கூடும் முனைகளில் நீரோட்டம் வலிது. காட்சி அழகாயிருப்பதற்காக அங்கே கற்கத் தொடங்குதல் தகாது.

கரையில் நின்று காணவேண்டியவை இன்னும் சில. நீர் இடுப்பளவாகவும் அலை குறைந்தும் நெடுந்தூரம் இருக்கிறதா? குளிப்போரும் மீன்வலைகளும் விலகியிருக்கிறார்களா? மீட்புப் படகு தயாராக உள்ளதா? நெருக்கடியில் பட்டத்தைக் கழற்றிவிடும் பிடியைப் பயிற்சியாளர் முதலில் கரையிலேயே பழக்குகிறாரா? தலைக்கவசமும் மிதவை அங்கியும் கொடுக்கிறாரா? ஆம்புலன்ஸ் வந்து சேரச் சாலை உண்டா? அவ்வூர் மீனவரிடம் அன்றைய காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதும் நன்று. இடியோசை கேட்டால் பட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

மருத்துவர் என்ற முறையில் இரண்டு சொல்ல வேண்டும். வலிப்பு நோய், இதய நோய், அடிக்கடி வரும் மயக்கம், கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்கள் முன்னதாகத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; எவ்வளவு நல்ல கரையாயினும் நீருக்குள் வரும் வலிப்பை அது தடுக்காது. அடுத்து, நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் தவறு. மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடர்ந்து செய்க. உடனிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அது நம் ஆடியிலேயே வருகிறது. இவ்வாண்டு பிள்ளை கடலுக்குப் போகக் கேட்டால், ‘வேண்டாம்’ என்பதற்கு முன், ‘எந்தக் கரை, எந்தக் காற்று, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவாக விடை சொல்லத் தெரிந்த பிள்ளையை நம்பி அனுப்பலாம். விடை தெரியாதெனில், பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்து, அந்த விடைகளைத் தேடச் சொல்லுங்கள்.