குழவிக்கு எண்ணெய் நீவுதல்

கால்களை நீட்டியமர்ந்து, அவற்றின்மீது குழவியைக் கிடத்தி, எண்ணெய் நீவி வெந்நீர் வார்க்கும் பாட்டிமாரைக் கற்றோர் சிலர் எள்ளுகின்றனர். அவ்வெள்ளலிற் பெரும்பகுதி பிழையென்பது எம் கருத்து. அடிபட்டோன் காயத்தில் எண்ணெய் வார்த்த சமாரியனை ஆலயத்திற் போற்றும் நாம், எண்ணெய்க் கையினராய் உழைக்கும் இம்முதியோரை இகழ்தல் தகுமோ?

சித்த மருத்துவத்தார் இதனைத் தொக்கணம் என்பர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். (தமிழ் மாணாக்கர்க்கு இத்தொழிற்பெயர் வரிசையே ஒரு விருந்து!) இது வெறும் ஏட்டுக்கொள்கையன்று. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டிஃபனி ஃபீல்டு அம்மையாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மாதம் நிரம்பாது பிறந்த குழவிகளை நாளொன்றுக்கு மும்முறை, முறைக்கு 15 நிமிடமாகப் 10 நாள் நீவியும் கைகால்களை அசைத்தும் வந்தனர். நீவப்பெறாத குழவிகளைக் காட்டிலும் இவை நாடோறும் நூற்றுக்கு 47 வீதம் மிகுதியாக எடை கூடின. உண்ட பாலின் அளவிலோ வேற்றுமையில்லை! மருத்துவமனையினின்றும் ஆறு நாள் முன்னரே வீடு சென்றன.

ஆயின் மூக்கில் எண்ணெய் விடுதலை யாம் ஒருபோதும் ஏற்கோம். நுரையீரலுட் புகும் எண்ணெய் அழற்சியை விளைத்து உயிர்க்கே இடராகும். தலையை உருண்டையாக்குவதாகக் கூறி மண்டையை அழுத்துதலும் வேண்டா. இவ்விரண்டையும் விலக்குமாறு செவிலியர் வீடுதோறும் பரிவுடன் சொல்வாராயின், பாட்டிமார் கேளாதிருப்பாரல்லர். இளந்தாயின் கையைப் பிடித்து நீவும் முறையைக் காட்டவும் அவர்களே வல்லவர்.