மகளிர் நலம்: விலக்கு நாள் கணக்கும் எலும்பின் வலிமையும்



ரமளானில் ஒரு நோன்பும் விடாமல் நோற்று முடித்த மகளைக் கண்டு, "களாச் செய்ய ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்று மகிழும் தாய்மார்கள் நம்மில் உண்டு. அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், வயதுவந்த பெண்ணுக்கு அம்மாதம் விலக்கு வரவில்லையே, அதற்கு முந்தைய மாதமும் வரவில்லையே என்ற கேள்வியும் உடன் எழ வேண்டாமா?

சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் குறைபாடு, மகப்பேற்று வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் காணப்படுகிறது. பெயரளவில் கட்டியே தவிர, உண்மையில் அவை முதிராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். விலக்குத் தள்ளிப்போதல், முகத்தில் முடி வளர்தல், பரு, உடல் பருமன், பிள்ளைப்பேறு தாமதமாதல் ஆகியவற்றைப் பற்றி வீடுகளில் கவலையோடு பேசுகிறோம். எலும்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எலும்பு உயிருள்ள பொருள். அதில் பழையதைக் கரைக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் ஓயாது வேலை செய்கின்றன. கரைக்கும் அணுக்களுக்குக் கடிவாளமாக இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு. இளமையில் சேர்க்கும் எலும்பே முதுமைக்கான இருப்பு. அதன் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்து, முப்பதை ஒட்டி நிறைவடைந்துவிடுகிறது.

சினைப்பைக் குறைபாடு உள்ள எல்லாப் பெண்களுக்கும் எலும்பு மெலியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் உடலில் ஈஸ்ட்ரோஜன் முற்றிலும் அற்றுப்போவதில்லை. மிகுதியாகச் சுரக்கும் ஆண்மைச் சுரப்பும் எலும்புக்கு ஓரளவு துணைநிற்கிறது. ஆய்வு முடிவுகளும் ஒரே திசையில் இல்லை. எனினும், பருமனற்ற பெண்களிடம் முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. வைட்டமின் டி குறைவும் இப்பெண்களிடம் பரவலாகக் காணப்படுகிறது.

ஆபத்து பெரிதும் வேறிடத்தில் உள்ளது. விலக்கு நின்றதும் "நீர்க்கட்டிதான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். தைராய்டுக் கோளாறு, புரோலாக்டின் மிகுதி, சினைப்பை முன்கூட்டியே செயலிழத்தல், போதிய உணவின்மை ஆகியவற்றாலும் விலக்கு நிற்கும். இவற்றுள் சில, எலும்பை விரைவாகவே அரித்துவிடும். "எடையைக் குறை" என்ற அறிவுரையைக் கேட்டுப் பட்டினி கிடக்கும் பெண், எடையோடு எலும்பையும் இழக்கிறாள்.

சகோதரிகளே! தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் ஹைளு நாள்களைக் கணக்கிட நமக்குச் சிறுவயதிலேயே கற்றுத்தரப்படுகிறது. அந்தக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பூப்பெய்தி மூன்றாண்டு கடந்தவளுக்கு அடிக்கடி 35 நாள்களுக்கு மேல் தள்ளிப்போனாலோ, பூப்பெய்தி ஓராண்டு கடந்த எவளுக்கும் ஒருமுறையேனும் 90 நாள்களைத் தாண்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் குறிப்பேடே அவருக்குப் பெரும் உதவி. எலும்பு அடர்த்திப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. அதை அவரே தீர்மானிப்பார்.

உணவில் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும் உள்ளன. முள்ளோடு உண்ணும் நெத்திலி, எள், முருங்கைக்கீரை ஆகியனவும் நல்லவை. நோன்புக் காலத்தில் சஹருக்குக் கேழ்வரகும் பாலும் உகந்தவை.

வெயிலும் வேண்டும். இளவெயிலே போதும் என்பது பரவலான எண்ணம். ஆனால், வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் நம் பகுதியில் பகல் 11 மணி முதல் 2 மணி வரைதான் மிகுதி. சன்னல் கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடும். இதற்குப் பர்தாவைக் குறைகூற வேண்டியதில்லை. பிறர் பார்வை படாத முற்றத்திலோ மறைப்புக் கட்டிய மொட்டை மாடியிலோ, முகமும் கைகளும் வெயில் படும்படி, தோல் கன்றாத அளவில் வாரத்தில் சில நாள்கள் நிற்கலாம். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள். அளவு மிஞ்சினால் அதுவும் தீங்கே. நாள்தோறும் வேகநடையும் மாடிப்படி ஏறுதலும் எலும்புக்கு உரமூட்டும்.

"வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே" என்று மகளின் குறையை மூடி மறைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. நிக்காஹ் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடும் ஐந்தாண்டுகள், அவள் எலும்பு வலுச்சேர்க்கும் கடைசி ஆண்டுகளாக இருக்கக்கூடும். நோய்க்கு மருத்துவம் தேடுவது வெட்கத்திற்குரியதன்று, அது நபிவழி. மகள் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அவளுடைய உடல்நலமும் அதில் அடங்கும்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்கள் அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.