தன் பெயர் சொல்ல நாணுவோர்

கொல்லி மலைக்குத் தலைவனாக விளங்கிய வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் ஓர் அழகிய செய்தி உண்டு. வேட்டையாடிக்கொண்டிருந்த அவனைப் பாணர் கூட்டம் ஒன்று காட்டில் காண்கிறது. அவன் இன்னான் என்று அறியாமலே அவன் முன்னிலையில் பாடுகிறது. பாட்டின் முடிவில் அவர்கள் ‘அரசே’ என்ற பொருளில் விளித்தபோது, அது தன்னையே குறிக்கும் பெயராதலால் ஓரி நாணிப் போனானாம். இறைச்சியும் பொன்னும் மணியும் வாரிக் கொடுத்தானேயன்றித் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓரி சொல்லாமல் இருந்ததில் நஷ்டமில்லை. சொல்வதற்கு வன்பரணர் இருந்தார். தம் முதல் நாவலைத் தாமே அச்சிட்டு வெளியிடும் புது ஆசிரியருக்கு அத்தகைய பாக்கியம் ஏது?

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுள் ஒன்றான இந்த எடப்புளி நாட்டில் அப்படி ஓர் இளைஞர் இருக்கிறார். இரண்டு வருஷத்து மிளகு விற்ற பணத்தை அச்சகத்தில் கொடுத்து 500 பிரதிகள் போட்டுக்கொண்டு வந்தார். மலையிலே பிறந்து மலையிலே உழைப்பவர்களின் கதை அது. உறவினரும் சிநேகிதர்களும் பெற்றுக்கொண்டவை போக, மற்றவை பரணில் கிடக்கின்றன. மலையின் ஈரக் காற்றையும் கரையானையும் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? “நாலு பேரிடம் சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். “என் புத்தகத்தை நானே எப்படி ஐயா மெச்சிக்கொள்வது?” என்றார்.

இந்தக் கூச்சம் புதிதன்று. நம் இலக்கணமே அதை அறியும். நன்னூலார் தற்புகழ்ச்சியைத் தகாது என்று விலக்குகிறார். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய பிறரே என்கிறார். ஆனால் அவர் உலகம் அறிந்தவர். புலவன் தன்னைத் தானே எடுத்துச் சொல்லலாம் என்று சில இடங்களுக்கு விலக்கும் அளிக்கிறார். அவற்றுள் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. புது ஆசிரியர் இருப்பது முழுவதும் அந்த இடத்தில்தானே!

ஆனால், மெச்சிக்கொள்வது வேறு. இன்னது எழுதியிருக்கிறேன் என்று அறிவிப்பது வேறு. 1879ல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் முன்னுரையில், தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே தம் நோக்கம் என்று வேதநாயகம் பிள்ளை அறிவித்தார். படிப்பவன் முடிவு செய்ய அதுவே போதும்.

இந்த வரம்பைத் தாண்டிய பெரியவர்களும் உண்டு. பிரான்ஸ் தேசத்து மார்ஸெல் புரூஸ்ட் தமது பெருநாவலின் முதல் பகுதியை 1913ல் சொந்தச் செலவில் வெளியிட்டார். பத்திரிகைகளில் புகழுரை வருவதற்கும் அவரே பணம் கொடுத்தார் என்பதை அவர் கடிதங்கள் பின்னாளில் வெளிப்படுத்தின. இன்று அந்த நாவலை உலகம் படிப்பது, விலை கொடுத்து வாங்கிய அந்தப் புகழுரைகளுக்காகவா? அல்ல, படித்தவர்கள் அடுத்தவரிடம் சொன்னதனால்தான்.

படிப்பவர்களைச் சேர்ப்பதில் நமக்கு வழிகாட்டி வை. மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடம் சென்று படிக்காத அவர் முதலில் கதையைச் சொல்ல, தோழி எழுதிக்கொடுத்தார். 1925ல் ‘ஜகன்மோகினி’ப் பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கித் தம் முதல் நாவலான ‘வைதேகி’யை அதில் தொடர்ந்து வெளியிட்டார். தேச விடுதலைக்காகச் சிறை சென்ற அந்த அம்மையார், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவர் செய்த யுக்தி எளியது: ‘வாங்குங்கள்’ என்று கேட்பதற்கு முன், கதையில் ஒரு பகுதியைக் கையில் கொடுத்துவிட்டார். நம் மலைச் சந்தையில் பலாப்பழம் விற்பவர் செய்வதும் அதுதான். பழத்தைப் புகழ மாட்டார். சுளை ஒன்றை எடுத்து நீட்டுவார்.

துணை இல்லாவிட்டால் மேதைக்கும் தடுமாற்றம்தான். 1920ல் பாரதியார் தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களுக்கு அறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல அவை வீடுதோறும் செலவாகும் என்பது அவர் நம்பிக்கை. கேட்ட பணம் சேரவில்லை; 1921ல் அவரே மறைந்தார். நம்பிக்கை பொய்யில்லை என்று பிற்காலம் காட்டியது. ஆனால் காலம் கடந்து காட்டியது.

ஆகையால் எடப்புளி நாட்டு நண்பருக்கு நான் சொன்னவை இவை. கதை எதைப் பற்றியது என்பதை நான்கு வரியில் எழுதி வைத்துக்கொள்க. அதில் ‘அற்புதம்’, ‘அரிது’ என்ற சொற்கள் வேண்டாம். முதல் அத்தியாயத்தைத் தனியே அச்சிட்டு இனாமாகக் கொடுக்க. நூலகத்திலும் பள்ளியிலும் அனுமதி பெற்றுக் கால் மணி நேரம் வாசித்துக் காட்டுக. தாமே அச்சிட்டவர் சட்டத்தின் முன் பதிப்பாளரே. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமரா நூலகம் முதலிய நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பவேண்டும். பரணில் உள்ளதைக் கரையான் தின்றாலும் அங்கே ஒரு பிரதி நிற்கும். புத்தக எண்ணை நம் அரசாங்கம் கட்டணமின்றித் தருகிறது. இனி அச்சிடும் நூலுக்கு அதை முன்பே பெற்றுக்கொள்க. பத்திரிகைக்கு மதிப்புரை வேண்டி அனுப்பினால், குறை கூறினாலும் பொறுத்துக்கொள்க.

அவர் கடமை இவ்வளவே, மற்றது நம்முடையது. பட்டுக்கும் பண்டிகைக்கும் கணக்குப் பார்க்காத குடும்பங்கள், ஊர் பேர் தெரியாத ஆசிரியர் என்றால் மட்டும் நூறு ரூபாய்க்கு நூறு யோசனை செய்கின்றன. பேர் பெற்ற ஆசிரியர் எல்லோரும் ஒரு நாள் பேர் தெரியாதவர்களாய் இருந்தவர்கள்தாமே! வருஷத்துக்கு ஒரு முறையேனும் அத்தகைய புத்தகம் ஒன்றை விலை கொடுத்து வாங்குங்கள். இராச் சாப்பாட்டுக்குப் பின் குழந்தைகளை விட்டு ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அடுத்த வீட்டாரிடம் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் ஒரு கார்டில் ஆசிரியருக்கே எழுதுங்கள். மௌனத்தைக் காட்டிலும் அந்தக் கார்டு அவருக்கு உபகாரமாயிருக்கும்.