மூச்சை இழுத்து விட்டால் மட்டும் போதுமா?

கெம்பஸ்ல ஒருத்தர் "எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று சொன்னால் ரெண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "யாருக்குத்தான் இல்ல?" மற்றது, "மூச்சை நல்லா இழுத்து விடு, எல்லாம் சரியாகிடும்." முதல் பதில் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. இரண்டாவது, பிரச்சினையைச் சொன்னவரின் தலையிலேயே திருப்பி வைத்துவிடுகிறது. இந்த ரெண்டும் போதாது என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். ஸ்ட்ரெஸ் என்பது பௌதிகவியலிலும் பொறியியலிலும் புழங்கிய சொல். ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர் 1936-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். குளிர், காயம், அளவு மீறிய உடலுழைப்பு என்று எலிகளுக்கு எந்தக் கஷ்டத்தைக் கொடுத்தாலும் உடம்பு ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் எதிர்வினை காட்டுகிறது என்றார். முதலில் உடம்பு உஷாராகும், பிறகு தாக்குப்பிடிக்கும், கஷ்டம் நீண்டுகொண்டே போனால் கடைசியில் களைத்துப்போகும். பின்னர் அவர் வழியாகத்தான் ஸ்ட்ரெஸ் என்ற சொல் மருத்துவத்துக்குள் பரவியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிக் கட்டம். பரீட்சைக்கு முதல் நாள் வரும் படபடப்பு நோய் இல்லை. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, கவனம் கூர்மையாகிறது. பேப்பர் முடிந்து வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்தால் அது இறங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், எங்களில் பலருக்கு அது இறங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. பரீட்சை முடிந்தால் அசைன்மென்ட், அது முடிந்தால் போர்டிங் காசு, அதுவும் முடிந்தால் "டிகிரி முடிச்சு என்ன செய்யப் போற?" என்ற கேள்வி. மாதக்கணக்கில் இப்படியே போனால் தூக்கம் கெடும், சாப்பாடு பிடிக்காது, படித்தது மண்டையில் நிற்காது. அதைப் பார்த்து நாமே நம்மைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்கிறோம்.

ஒரு பாலத்தில் விரிசல் விழுந்தால் இன்ஜினியர் பாலத்தின் பலத்தை மட்டும் பார்க்க மாட்டார். அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்றும் கேட்பார். மாணவர் விஷயத்தில் மட்டும் ஏன் பாரத்தைப் பற்றிக் கேட்பதில்லை?

எங்கள் பக்கத்துப் பாரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். பல்லேகல, குண்டசாலை, திகன பக்கமிருந்து பேராதனைக்குப் போகிறவர்கள் தென்னகும்புர நெரிசலைத் தாண்டிக் கண்டி டவுனுக்கு வந்து, அங்கே பஸ் மாற வேண்டும். எட்டு மணி லெக்சருக்கு விடியமுன்னமே எழும்ப வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் தினமும் போகிற அந்த மணித்தியாலங்கள் நித்திரையில் இருந்துதான் வெட்டப்படுகின்றன.

அடுத்தது காசு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகக் கூட்டப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அறை வாடகை, பஸ், சாப்பாடு, போட்டோகொப்பி, டேட்டா என்று போட்டுப் பார்த்தால் மிச்சத்தை வீட்டில்தான் கேட்க வேண்டும். எங்களில் பலருடைய வீடு தோட்டத்தில் இருக்கிறது. 2024-ல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அம்மாவிடம் இரண்டாயிரம் ரூபாய் கேட்கும்போது, அது எத்தனை நாள் கொழுந்து என்று மனசு தானாகக் கணக்குப் போடும். மூச்சுப் பயிற்சியால் அந்தக் கணக்கை மறக்கடிக்க முடியாது.

பிறகு காலம். 2022-க்குரிய உயர்தரப் பரீட்சை நடந்தது 2023 ஜனவரி, பெப்ரவரியில். பெறுபேறு வந்தது அந்த வருஷம் செப்டம்பரில். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் பல்கலைக்கழகங்களை ஜூலை வரை முடக்கியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஊழியர்களின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு கதை. நாங்கள் சொல்வது, இருபத்தாறு வயதிலும் "இன்னும் படிக்கிறியா?" என்ற கேள்வியை ஒருவர் வாங்க நேர்ந்தால் அது அவருடைய சோம்பலால் வந்ததில்லை என்பதைத்தான்.

மற்றவர் வேண்டுமென்றே ஏற்றுகிற பாரமும் உண்டு. அதுதான் பகிடிவதை. 1997-ல் பேராதனைப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பலியானார். அடுத்த வருஷமே 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உடம்பில் ஏற்படும் காயத்தோடு உளப்பாதிப்பு, மன வேதனை, பயம் ஆகியவற்றையும் அந்தச் சட்டம் பகிடிவதை என்றே கொள்கிறது. ஆனாலும் "இதெல்லாம் தாங்கினாத்தான் ஸ்ட்ரோங் ஆகலாம்" என்று சொல்கிற சீனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். செலியேயின் எலிகளை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

"சூழலை மாற்றுவதெல்லாம் நடக்கிற காரியமா, மனசைத் திடப்படுத்துறதுதான் ஒரே வழி" என்று சிலர் வாதாடுவார்கள். எங்கள் நாட்டின் அனுபவம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிக ஆபத்தான பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, பத்து வருஷத்துக்குள் அந்த வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் அதற்குள் பாதியாகிவிடவில்லை. விதிகளை மாற்றியதாலேயே ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின.

அதற்காக நாம் செய்ய ஒன்றுமே இல்லை என்றில்லை. லாசரஸ், ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984-ல் எழுதிய நூலில் ஒரு பயனுள்ள பிரிப்பு இருக்கிறது. சில சிக்கல்களில் சிக்கலையே கையாளலாம், சிலவற்றில் அதனால் வரும் உணர்வை மட்டுமே கையாளலாம். அசைன்மென்ட் முதல் வகை. அதை நாளைக்கு ஒரு பக்கம் என்று உடைத்தால் பயம் குறையும். பெறுபேறுக்காகக் காத்திருப்பது இரண்டாவது வகை. அங்கேதான் நடை, பாட்டு, கிரிக்கெட், மூச்சு எல்லாம் உதவும். குறிஞ்சிக்குமரன் கோயிலடியில் சும்மா அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவதும் உதவும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிக் களைப்பு மிச்சம்.

எங்கள் கெம்பஸ்களில் ஏற்கெனவே ஒரு நல்ல மருந்தும் இருக்கிறது. குப்பி. பரீட்சைக்கு முன் விளங்கினவர் விளங்காதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த வகுப்பில் நோட்ஸ் மட்டும் கிடைப்பதில்லை. "எனக்கும் இது விளங்கேல்ல" என்று இன்னொருவர் சொல்வதைக் கேட்பதே பெரிய ஆறுதல். பாடத்துக்குக் குப்பி வைக்கிற நாம், மனசு சரியில்லாத நண்பருக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். அறிவுரை சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

கேட்டும் தீராத கட்டம் உண்டு. தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருவது. அப்போது ஆலோசகரிடமோ டொக்டரிடமோ போவதுதான் புத்தி. "பைத்தியமா உனக்கு?" என்று கேட்கிறவர், காய்ச்சலுக்கு மருந்து எடுக்கிறவரிடம் அப்படிக் கேட்பாரா? தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். 1974-ல் தொடங்கிய சுமித்ரயோவும் நாம் சொல்வதை இரகசியமாகக் கேட்கும். இந்த இலக்கத்தை இப்போதே ஃபோனில் சேமித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து அறை நண்பருக்குத் தேவைப்படலாம்.

பல்கலைக்கழகங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. தமிழ் மாணவர் படிக்கும் ஒவ்வொரு பீடத்திலும் தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் வேண்டும். மனசு உடைந்து நிற்கும்போது இரண்டாம் மொழியில் அழ முடியாது. பரீட்சை அட்டவணையை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே வாரத்தில் நாலு அசைன்மென்ட் விழாதபடி துறைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். இவற்றில் முதலாவதற்குக் காசு வேண்டும். மற்ற இரண்டுக்கும் மனசு இருந்தால் போதும்.

மூச்சை இழுத்து விடுவோம், அதில் தப்பில்லை. ஆனால் விட்ட மூச்சோடு இவற்றைக் கேட்கவும் வாயைத் திறப்போம்.