சோத்துல என்ன இருக்கு, மாமா?

போன குளிர்காலத்தில் நியூஜெர்சியில் அக்கா மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். காலை ஏழரைக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடும். அதற்குள் அவள் ஒரு டப்பாவைத் திறந்து, சிவப்புச் சாற்றில் மிதக்கும் குட்டிக் குட்டிப் பாஸ்தாவை மைக்ரோவேவில் சூடாக்கி, பையனின் வாயகன்ற பிளாஸ்கில் கொட்டி மூடுவாள். மொத்தம் நாலு நிமிடம். "ராத்திரிச் சோறு மிச்சம் இருக்கே, ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைஞ்சு குடுத்துடலாமே" என்று ஒரு நாள் வாயை விட்டுவிட்டேன்.

"சோத்துல என்ன மாமா இருக்கு? வெறும் கார்ப். இதுல பாருங்க, அயர்ன் இருக்கு, ஃபோலிக் ஆசிட் இருக்கு, பி விட்டமின் இருக்கு. தக்காளி வேற" என்று டப்பாவைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டுப் பையனுக்கு ஷூ மாட்டப் போய்விட்டாள்.

அது அவள் ஒருத்தியின் கருத்து இல்லை. வெள்ளைச் சோறு தின்பதும் சர்க்கரையை அள்ளித் தின்பதும் ஒன்று, அதற்குப் பாஸ்தாவே தேவலை என்ற பேச்சு இப்போது சென்னையில் நடைப்பயிற்சி போகிறவர்களிடமும் கேட்கிறது. நான் சோற்றுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அதன் குறைகளும் கீழே வரும். ஆனால் இந்தப் பேச்சின் கணக்கு தப்பு. அந்த டப்பாவை ஆற அமரப் படித்ததில் புரிந்ததைச் சொல்கிறேன்.

விட்டமின் பட்டியலில் பொய் இல்லை. ஆனால் அந்த இரும்பும் ஃபோலிக் அமிலமும் ஆலையில் சேர்த்தவை. கோதுமையைத் தவிடும் முளையும் போக அரைத்து வெள்ளை மாவாக்கும்போது சத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. போனதில் சிலவற்றைத் திருப்பிப் போடும் முறைக்கு அமெரிக்காவில் 1941இல் தர வரையறை வந்தது. 1998 ஜனவரியிலிருந்து ஃபோலிக் அமிலமும் கட்டாயமாகச் சேர்ந்தது. இங்கேதான் விஷயம்: 'என்ரிச்டு' என்று அச்சிட்டு விற்கும் அரிசிக்கும் இதே ஏற்பாடு உண்டு. அமெரிக்கக் கடையில் கிடைக்கும் நீள அரிசிப் பையின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதே இரும்பு, அதே ஃபோலிக் அமிலம். கூடவே 'கழுவாதீர்கள், வெந்தபின் வடிக்காதீர்கள்' என்று ஒரு வரியும் பல பைகளில் இருக்கும். சேர்த்த சத்து பெரும்பாலும் அரிசியின் மேல்பூச்சாக ஒட்டியிருப்பதுதான் காரணம். நம் வீட்டிலோ அரிசியைக் கையில் எடுத்ததும் முதல் வேலை மூன்று தண்ணீர் விட்டுக் களைவது. பூச்சு சிங்க்கில் போய்விடும்.

என் மருமகள் வீட்டுக்கு வாங்குவது இந்தியக் கடையின் சோனா மசூரி. அதில் எதுவும் சேர்க்கவில்லை. ஆகவே அவள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பாஸ்தாவையும் அரிசியையும் அல்ல. சத்து சேர்த்த ஒன்றையும் சேர்க்காத ஒன்றையும். ஒருத்திக்கு நகை பூட்டி, இன்னொருத்தியை மூளிக் கழுத்தோடு நிறுத்திவிட்டு யார் அழகு என்று கேட்பது மாதிரி. (நம் ஊர் ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்தபோது, 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. அதே இரும்பு வெளிநாட்டு டப்பாவில் வந்தால் சத்து.)

சரி, எதுவும் சேர்க்காத, தீட்டிய பச்சரிசியில் குறை இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவை கோழிகள். 1890ஐ ஒட்டி ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகளுக்குப் படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கிடைத்துவந்தது. அவை கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் ஒருவர் 'படைவீரர் சோற்றைச் சிவில் கோழிகளுக்குத் தர முடியாது' என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு போனது தயமின் என்ற பி1 விட்டமின் என்பது பிற்பாடு தெரிந்தது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கதையின் மறுபாதி நம் பக்கத்தில் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் தாக்கியது ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட கடலோர ஆந்திரத்தை. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் பெருமளவு தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் இருக்கும் பி விட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. 'வெள்ளை அரிசி' என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் திட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. புழுங்கலும் பார்க்க வெள்ளைதான்.

அடுத்து கலோரியும் புரதமும். டப்பாவில் இருந்த எண்கள் ஏறக்குறைய இப்படி: ஒரு கப், அதாவது 250 கிராம் பாஸ்தாவில் 170 கலோரி, புரதம் 6 கிராம், நார்ச்சத்து 3 கிராம், சர்க்கரை 11 கிராம், சோடியம் 600 மில்லிகிராம். அதே 250 கிராம் வெள்ளைச் சோற்றில் 325 கலோரி, புரதம் ஆறே முக்கால் கிராம், நார் 1 கிராம், உப்புப் போடாவிட்டால் சோடியம் அநேகமாகப் பூஜ்யம். "பாத்தீங்களா மாமா, கலோரி பாதிதான்" என்றாள் மருமகள், சாயங்காலம் மறுபடி பேச்சு வந்தபோது.

பாதிதான். ஏன் என்று கேட்டால் டப்பாவே பதில் சொல்கிறது. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பட்டியலில் முதல் இடம் தண்ணீர். இரண்டாவது தக்காளிக் கூழ். பாஸ்தாவுக்கு மூன்றாம் இடம். நாலாவதாகச் சோளத்திலிருந்து எடுத்த இனிப்புப் பாகு. சோற்றையும் இரண்டு பங்கு ரசம் விட்டுக் கரைத்து அளந்தால் கப்புக்குக் கலோரி குறையத்தான் செய்யும்.

நியாயமாகப் பார்த்தால் எடைக்கு எடை அல்ல, கலோரிக்குக் கலோரி பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் டப்பாதான் ஜெயிக்கிறது, மறைக்கவில்லை. அதே 170 கலோரிக்கு ஏறக்குறைய 130 கிராம் சோறுதான் வரும்; அதில் புரதம் மூன்றரை கிராம்தான், நாரும் அரை கிராம்தான். கோதுமையில் அரிசியைவிடப் புரதம் அதிகம் என்பது பழைய செய்தி. ஆனால் அந்தப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அரிசிப் புரதத்தில் அது கொஞ்சம் கூடுதல். இரண்டுக்கும் அந்தக் குறையைத் தீர்ப்பது பருப்புதான்.

மருமகளின் கணக்கில் முழுசாக விட்டுப்போனதும் அந்தப் பருப்புதான். டப்பா ஒரு முழுச் சாப்பாடு: சாறு, சீஸ் வாசனை, உப்பு, இனிப்பு எல்லாம் கலந்து வந்துவிட்டது. சோறு அரைச் சாப்பாடு. உலகத்தில் யாரும் வெறும் சோற்றை மட்டும் தின்று எழுவதில்லை, வறுமை கழுத்தைப் பிடித்தால் ஒழிய. ஆகவே அந்த 130 கிராம் சோற்றின் மேல் கெட்டியாக வெந்த துவரம்பருப்பு 50 கிராம் விடுங்கள். பெரிய கரண்டியில் ஒன்று. இப்போது மொத்தம் சுமார் 230 கலோரி, புரதம் ஏழு கிராமை ஒட்டி, நார் நாலு கிராமை ஒட்டி. கலோரிக்குக் கலோரி பார்த்தாலும் நாரில் டப்பாவை ஏறக்குறைய எட்டியாயிற்று, புரதத்திலும் நெருங்கியாயிற்று. உப்பு நம் கை அளவு. இனிப்புப் பாகு இல்லை. நெய்யும் ஒரு கீரையும் இன்னும் தட்டுக்கே வரவில்லை.

அடுத்து, 'பாஸ்தா ரத்தச் சர்க்கரையை ஏற்றாது' என்ற வாதம். இதில்தான் ஆள் மாறாட்டம் நடக்கிறது. சாதாரண ஸ்பகெட்டியின் கிளைசீமிக் இண்டெக்ஸ், அதாவது சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்ற எண், 50ஐ ஒட்டி இருக்கும். வெள்ளைச் சோற்றுக்கு 70க்கு மேல். நம் பொன்னியும் சோனா மசூரியும் 70ஐ ஒட்டித்தான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாஸ்தாவுக்கு அந்த நல்ல பெயர் எப்படி வந்தது? கோதுமைப் புரதம் பின்னிய வலைக்குள் மாவுச்சத்து இறுக்கமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. பல்லில் கொஞ்சம் தட்டுப்படுகிற பதத்தில் இறக்கினால் அந்த வலை அறுவதில்லை, செரிமானமும் மெதுவாக நடக்கிறது. பதம் தாண்டி வேகவேக வலை தளர்ந்துவிடும், எண்ணும் ஏறும்.

டப்பாவில் என்ன நடக்கிறது? பாஸ்தாவைச் சாற்றோடு அடைத்து, மூடி, கிருமி சாக வேண்டும் என்று அழுத்தத்தில் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். பிறகு அது மாதக்கணக்கில் சாற்றிலேயே ஊறுகிறது. கரண்டியில் எடுத்து நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தேன். பல்லுக்கு வேலையே இல்லை. குழைந்த சோற்றுக்கு அண்ணன்.

இது தவறி நேர்ந்ததும் இல்லை. இத்தாலியின் பியாசென்சா பகுதியில் பிறந்து கிளீவ்லாண்டில் உணவகம் நடத்திய எத்தோரே போயார்தி, வாடிக்கையாளர்கள் வீட்டுக்குக் கேட்டதால் சாற்றை விற்கத் தொடங்கி, 1928இல் கம்பெனி ஆரம்பித்தார். 'செஃப் போயார்டி' அப்படிப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் படைகளுக்கு அது டப்பா டப்பாவாகப் போனது. 1965இல் காம்ப்பெல் நிறுவனம் 'ஸ்பகெட்டி ஓஸ்' என்ற வளையங்களைக் கொண்டுவந்தது, குழந்தை சிந்தாமல் ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே. போர்முனைக்கும் குழந்தைக்கும் அது பொருத்தமான சாப்பாடு. இத்தாலிக்காரர் அடுப்படியில் பதம் பார்த்து இறக்கும் பாஸ்தாவின் மதிப்பெண்ணை அதற்குப் போட முடியாது.

தக்காளி விஷயத்தில் நான் வாதாடப் போவதில்லை. வெந்த தக்காளியில் லைகோபீன் உடம்பில் நன்றாகவே சேரும். டப்பாவில் சேர்ந்தாலும் அப்படித்தான், ரசத்தில் சேர்ந்தாலும் அப்படித்தான்.

உப்புதான் என்னை உறுத்தியது. கப்புக்கு 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அதற்கும் குறைவு. ஆறு வயதுப் பையனின் மதியச் சாப்பாட்டிலேயே அதில் கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. அதுவும் அவன் ஒரு கப்போடு நிறுத்தினால். டப்பாவில் இருப்பது கிட்டத்தட்ட 450 கிராம், ஏறத்தாழ இரண்டு கப். மிச்சத்தை ராத்திரி நின்றபடியே வழித்துத் தின்பது அவன் அம்மா. நம் ஊறுகாயும் அப்பளமும் இந்த விஷயத்தில் யோக்கியம் இல்லை. ஆனால் ஊறுகாயைத் தட்டிலிருந்து ஒதுக்கி வைக்கலாம், சாற்றில் கரைந்த உப்பை ஒதுக்க முடியாது.

சோற்றுக் கட்சிக்காரர்களும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். 'டப்பா கெடாமல் இருக்கக் கெமிக்கல் கொட்டுகிறார்கள்' என்பது தப்பு. காற்றுப் புகாத மூடலும் சூடும்தான் அதைக் காக்கின்றன. ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வகையாக மாறுவது உண்மை. அதற்காகப் பழைய சோறு நீரிழிவுக்கு மருந்து என்று கிளம்பிவிடாதீர்கள். நெல் மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஆர்சனிக்கை உறிஞ்சும் என்பதும் உண்மைதான். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் நல்ல பகுதி கஞ்சியோடு போய்விடும். பி விட்டமின்களும் அதே கஞ்சியோடுதான் போகும். ஒன்றை விரட்டி மற்றதை முழுதாகக் காப்பாற்றுவது எளிதில்லை.

மருமகளிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. காலை ஏழரை மணிக்கு வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற வீட்டில் உபதேசம் செய்வதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. அவளுக்கு வேண்டியது நாலு நிமிடத்தில் முடிகிற ஒன்று. பனிப்புயல் வந்து மின்சாரம் போகும் நாளுக்கு அலமாரியில் நாலு டப்பா இருக்கட்டும். தினமும் சோற்றுக்குப் பதிலாக என்றால் மட்டும் என் தீர்ப்பு வேறு: சோற்றை விட வேண்டாம், அரிசியை மாற்று, அளவைக் குறை, ராத்திரி பருப்பைக் கொஞ்சம் கூட வேகவைத்து எடுத்து வை. காலையில் இரண்டையும் பிசைந்து சூடாக்கி பிளாஸ்கில் போட அதே நாலு நிமிடம் போதும்.

அவள் போகும் இந்தியக் கடையில் சோனா மசூரி மூட்டைக்குப் பக்கத்திலேயே புழுங்கல் பொன்னியும் இருக்கிறது, இருபது பவுண்டு மூட்டையாக.