கிளி எடுத்த சீட்டை வரைந்தது யார்?

ரீல்ஸில் வரும் டாரோ அட்டைகளில் பெரும்பாலும் 1909-ல் லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள்தான். வேலை பெரிசு, காசு கொஞ்சம் என்று கடிதத்தில் புலம்பியிருக்கிறார். செட்டுக்குப் பேரோ 'ரைடர்-வெயிட்'. பதிப்பகமும், யோசனை சொன்னவரும்! ஆனாலும் படங்களின் ஓரத்தில் தன் இனிஷியலைச் செருகிவிட்டார், கெட்டிக்காரி.

நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துக் கிளி ஜோசிய சீட்டு? 27 நட்சத்திரக் கணக்கு. சாமிகளுக்கு நடுவே புத்தரும் மாதாவும்கூட வருவார்கள். டாரோவில் மின்னல் விழுந்த கோபுரத்தைப் பார்த்ததுமே வயிறு கலங்கும். இங்கே எந்தச் சாமி வந்தாலும் பலன் ஜோசியர் வாயில்தான். நான் பார்த்த சீட்டுகளில் வரைந்தவர் பேரே இல்லை.

பச்சைக்கிளியை அடைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு ஜோசியரை வனத்துறை பிடித்தது. கிளி பறக்கட்டும், அதுதான் நியாயம். சீட்டும் கூடவே காணாமல் போகிறதே! வீட்டில் பழைய சீட்டு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்க.